மரம் வைத்த கார்

சாவியைத் திருப்பினால் முதலில்
பெட்ரோல் பம்பு டிக் டிக்கென்னும்.
பல்லி சொல்லிவிட்டது, கிளம்பலாம் என்பேன்
பக்கத்து சீட்டிடம்.
அதில் அநேகமாக
ஸ்பேனர் டப்பாதான் உட்கார்ந்திருக்கும்.

எழுபத்தொன்றாம் வருஷத்து மாரிஸ் டிராவலர்.
இடுப்பு வரைக்கும் இரும்பு,
இடுப்புக்குப் பின்னால் மரம்.
ஆஷ் என்கிறார்கள், நம் பக்கம் முளைக்காதது.
பின்கதவு இரண்டும் பீரோ மாதிரித் திறக்கும்.
புதுச்சேரி பல் டாக்டர் லெயோன் சவரிநாதன்
கண்ணில் புரை விழுந்ததும் எனக்கு விற்றார்.
பிரெஞ்சுக்காரன் ஊரில் இத்தனை காலம்
வாய் திறக்காமல் இருந்த வண்டி
முள்ளோடை தாண்டியதும் சைலன்சர் கழன்று
கடலூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தது.

அக்கா திலகவதி ஒரு சுற்று சுற்றிவந்தாள்.
"இந்தக் காசுக்கு ஆறு பவுன் வந்திருக்கும்.
இல்ல, ஒரு மாப்பிள்ளையாச்சும்."
நாற்பத்தாறு வயதில்
இரண்டையும் விசாரித்துவிட்டுத்தான்
இதனிடம் வந்திருந்தேன்.
டயரை ஒரு உதை உதைத்து அவளே கேட்டாள்:
"எவ்ளோ குடுக்கும்?"

ஸ்பீடாமீட்டருக்குக் கிலோமீட்டர் தெரியாது.
நாற்பது என்றால் அறுபத்துநாலு.
ஐஸ் கம்பெனியில் பகலெல்லாம் கணக்கெழுதிவிட்டு
வீடு வரைக்கும்
ஒன்று புள்ளி ஆறால் பெருக்கியபடி வருகிறேன்.

மூன்றாம் மாதம்
பாடலீஸ்வரர் சன்னதித் தெருவில்
முன்சக்கரம் ஒன்று மடங்க, வண்டி முட்டிபோட்டது.
பூக்கட்டுகிறவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
ஜாஃபர் அடியில் படுத்துப் பார்த்தார்.
"பக்தியில்ல மேடம், ட்ரன்னியன்."
கைக்குள் அடங்குகிற அந்தச் சாமான்
கப்பலேறி வர நாற்பது நாள்.
சுங்கம் சாமானைவிட ஜாஸ்தி.

தகுதிச் சான்றுக்குப் போனேன்.
பலாப்பழம் வாங்குகிறவர் போல
பின்பக்கத்தை விரலால் தட்டினார் இன்ஸ்பெக்டர்.
"பாடி என்ன மெட்டீரியல்?"
மரம்.
"மரம்னு ஃபாரத்துல கட்டம் இல்லியே."
மாட்டுவண்டிக்கு எங்கே டிக் அடிப்பீர்கள் என்று
கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.
யோசித்து யோசித்து
'இதர' என்று எழுதினார்.
பல ஃபாரங்களில் எனக்கும் அந்தக் கட்டம்தான்.

கார்த்திகை மழை பதினொரு நாள்.
கெடிலம் பாலத்தின் கழுத்தைப் பிடித்தது.
வாசலில் தார்ப்பாய்க்குள் ஊறிக் கிடந்தது வண்டி.
பன்னிரண்டாம் நாள் தார்ப்பாயை விலக்கினால்
ஜன்னல் சட்டத்தின் இடுக்கில்
ஓர் அரசங்கன்று.
இரண்டே இலை, செம்புநிறத்தில்,
நுனியில் வால்கூட வந்துவிட்டது.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள்.
இந்த மரத்தை இங்கே வைத்தவன்
எந்த ஊர்ப் பட்டறையில் கைதுடைத்துக்கொண்டு
வீட்டுக்குப் போனானோ, எப்போது செத்தானோ.
வங்கக்கடல்தான் ஊற்றியது.
வைத்தது ஒன்று, குடித்தது வேறொன்று.

தேசிங்கு முதுநகரில் படகு கட்டுகிறவர்.
உளியால் கிளறினார். சட்டம்
கேக் மாதிரி உதிர்ந்தது.
"கவுந்தா மெதக்குமா இது?"
நாலு நாளில் அயினிப் பலகையை இழைத்துப் பொருத்தி
இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் அடைத்தார்.
கூலி என்னவென்றால் தலையைச் சொறிந்தார்.
ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டுமாம்,
மச்சானின் படகு இன்ஜினைத்
தேவனாம்பட்டினம் கொண்டுபோக.
அன்றைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
இரண்டு இன்ஜினோடு ஓடினோம்.
டீசலும் கருவாடும் கலந்த அந்த வாசம்
இன்னும் இறங்கவில்லை.

அரசங்கன்றை வேரோடு எடுத்து
பெயின்ட் டப்பாவில் வைத்துத் தந்திருந்தார்.
வீட்டில் வைத்தால் சுவரைப் பிளக்கும் என்கிறாள் அக்கா.
ஐஸ் கம்பெனியில் மண்ணே கிடையாது.
இடம் தேடி இரண்டு மாதமாய்
பக்கத்து சீட்டில் வருகிறது.
பிரேக் போட்டால் சாய்கிறதென்று
பெல்ட் போட்டுவிட்டேன்.

நேற்று செம்மண்டலம் சிக்னலில்
போலீஸ்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.
"இது யாரு?"
இதர, என்றேன்.
பச்சை விழுந்தது.
பஸ்காரன் பின்னால் அலறுகிறான்.
வண்டி ஆஃபாகி நிற்கிறது.